இரண்டு வெள்ளை உறைகள்

படுத்த படுக்கையாகிவிட்ட மனைவிக்கு அவளுடைய மற்ற எல்லா ரெக்கார்டையும் போட்டுப் பார்த்தாகிவிட்டது, இந்த வெள்ளை உறையை மட்டும் கஸ்பார் மூன்று மாதமாகத் தொடவில்லை, கேட்டால் முள் தேய்ந்துவிட்டது என்பார், தூசி என்பார், ஆனால் கேட்பதற்கு யார் இருக்கிறார்கள், உண்மையில் அது பயம்தான், எஸ்கலினுக்கு உயிரே இந்த ரெக்கார்டுதான், பீட்டில்ஸ்காரர்கள் போட்டதில் இதற்கு மேல் ஒன்றும் கிடையாது என்று கலியாணமான புதிதிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவள், இதற்கும் அவள் அசையவில்லை என்றால் அதற்கப்புறம் போட்டுப் பார்க்க எதுவும் இல்லை, ஒன்றாவது மிச்சம் இருக்கட்டும் என்றுதான் வைத்திருந்தார். இனி மிச்சம் வைத்துப் பிரயோசனமில்லை. நாளைக் காலையில் வண்டி வருகிறது. பாளையங்கோட்டைக்கு அந்தப் பக்கம் கன்னியாஸ்திரீகள் நடத்துகிற இல்லம், சுத்தமான இடம், வேப்பமரம் இருக்கிறது, மகள் ஜோஸ்லின் பெங்களூரிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனாள், படுத்தவர்களைப் புரட்டிவிட அங்கே ஆட்கள் இருக்கிறார்கள், இவரால் புரட்ட முடியவில்லை, போன வாரம் புரட்டும்போது இடுப்பு பிடித்துக்கொண்டு அவள் மேலேயே விழப் பார்த்தார். பகலில் உதவிக்கு வரும் தங்கப்புஷ்பம் இப்போதுதான் சாப்பிடப் போனாள். “அய்யா, அம்மாவ ஒருக்களிச்சுப் போட்டிருக்கேன், கஞ்சி பாதிதான் உள்ள போச்சு, நா போயி நாலு வாய் அள்ளிப் போட்டுட்டு வந்துருதேன், நீங்க அந்தப் பொட்டிய உருட்டிக்கிட்டு அவியள மறந்துராதிய.” பெட்டி என்றால் பிளேயர். ஹாலில் கட்டில், கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் பிளேயர், நடுவில் காற்றாடி, ஜன்னல் வழியாக உப்பளத்துப் பக்கத்திலிருந்து வருகிற காந்தல் காற்று. கண்ணாடியைச் சமையலறைத் திண்டில் வைத்துவிட்டு வந்துவிட்டார், போய் எடுக்கவில்லை, ரெக்கார்டு போடக் கண்ணாடி எதற்கு, சோறு பிசையக் கண்ணாடி வேண்டுமா என்ன, விளிம்பைப் பிடித்து உருவினார், வைத்தார், முள்ளை இறக்கினார். இப்போது விமானம் வரவேண்டும். முதல் பாட்டு விமானம் இறங்குகிற இரைச்சலோடுதான் தொடங்கும், முதன்முதலில் அதைக் கேட்டபோது எஸ்கலின் வாசலுக்கு ஓடி வானத்தைப் பார்த்தாள், புதுப் பெண், பதறி ஓடிவிட்டு அப்புறம் வெட்கம் தாங்காமல் விமானம் பார்க்கத்தான் வந்ததாகச் சாதித்தாள். முள் கரகரத்தது. விமானம் வரவில்லை. கையால் தட்டுகிற மத்தளம் வந்தது, கிலுக்கு வந்தது, தூரத்தில் யாரோ காட்டுக்குள் இருந்து கத்துவதுபோல ஒரு குரல் வந்தது, அது அவளுடைய ரெக்கார்டு இல்லை, அவருடையது, ரோலிங் ஸ்டோன்ஸ், அதே வருஷத்தில் வந்த அவருடைய வெள்ளை உறையில் இருக்கவேண்டியது.

அறுபத்தெட்டாம் வருஷம் இரண்டு கோஷ்டியும் வெள்ளை உறைதான் போட்டார்கள், அது யார் செய்த குறும்போ, அவளுடையது ஒன்றுமே இல்லாத வெள்ளை, பெயர்கூடத் தடவிப் பார்த்தால்தான் தெரியும், அவருடையது கலியாணப் பத்திரிகை மாதிரி சாய்வெழுத்துப் போட்ட வெள்ளை, இரண்டும் இந்த ஊர் உப்புக் காற்றில் பழுத்துப் பழுத்து ஒரே நிறத்துக்கு வந்துவிட்டன. இரண்டுமே கொழும்பிலிருந்து தோணியில் வந்தவை. பெரியப்பா மகன் ரொசாரியோ அண்ணன் அந்தத் தோணியை ஓட்டுகிற தண்டல், இங்கிருந்து வெங்காயமும் கருவாடும் ஏற்றிக்கொண்டு போவார், வரும்போது கைலிச் சாரத்துக்குள் சுற்றி ரெக்கார்டு கொண்டுவருவார், “ஏல, ஒனக்கு முடிவெட்டாத பயலுவ, அவளுக்கு முடிவெட்டுன பயலுவ, பெறவு எல்லாப் பயலும் முடி வளத்துட்டானுவோ, எனக்கு இப்ப அடையாளம் தெரியல, நீங்களே பிரிச்சிக்கிடுங்க” என்பார். பிரித்துக்கொண்டார்கள். ஐம்பது வருஷம் அதுதான் வீட்டில் வழக்கு. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வந்து, சாப்பிட்டு, வெற்றிலை போட்டபின் ஒரே வருஷத்தில் வந்த இரண்டு கோஷ்டி ரெக்கார்டையும் மோதவிடுவது, அவள் ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம், எதிராளியின் பக்கம் முடிகிறவரை வாயைத் திறக்கக் கூடாது, முடிந்ததும் முதலில் நல்லதாக ஒன்று சொல்லவேண்டும், அப்புறம்தான் ஏசலாம். அந்த நல்லதைச் சொல்ல அவள் பட்ட பாடு இருக்கிறதே. “ஒறை நல்லாருக்கு” என்பாள். கேக்கை அடுக்கிவைத்த படம் போட்ட அவருடைய அறுபத்தொன்பதாம் வருஷ ரெக்கார்டுக்கு “கேக்கு நல்லாருக்கு” என்றாள். ஆட்டிப் பார்த்தால் படம் அசைகிற அறுபத்தேழுக்கு நெடுநேரம் யோசித்துவிட்டு, “முடிஞ்சிட்டு, அதான் நல்லது” என்றாள், அந்த வருஷம் அவருடைய ஆட்கள் சறுக்கியது அவருக்கே தெரியும், அவளுடைய ஆட்கள் உறைப் படத்தில் கலர் கலராய்ச் சட்டை போட்டுக் கூட்டத்தோடு நின்ற அதே வருஷம், “எங்க ஆளுவ தும்முனா ஒங்க ஆளுவ மூக்கத் தொடைக்காங்க” என்றாள், அவர் சிரித்துவிட்டார், சிரித்தது தோல்வி என்று கணக்கு வைத்துக்கொண்டாள். அறுபத்தெட்டில் மட்டும் அவர் விடமாட்டார். அவளுடைய வெள்ளையில் நாலு பேரும் நாலு திசையைப் பார்த்துக்கொண்டு பாடுகிறார்கள், ஒரே வீட்டுக்குள் நாலு சமையல், அவருடைய வெள்ளையில் எல்லாரும் ஒரே அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள், இதைச் சொல்லும்போது எஸ்கலின் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், “முகம் கழுவாத பயலுவளுக்கு அடுப்பு ஒண்ணுதான் கேடு, நிறுத்துங்க, தலைவலிக்கி.” அந்தத் தலைவலிக்கிற ரெக்கார்டுதான் இப்போது ஓடுகிறது, எடுத்துவிடவேண்டும், படுத்திருப்பவளுக்குப் பிடிக்காததைக் கடைசி நாளில் போட்டு வதைக்கக் கூடாது, முள்ளை எடுக்கக் கையை நீட்டினார், அப்போதுதான் கீறல் சத்தம் கேட்டது. டிக், டிக். இந்த ரெக்கார்டில் கீறல் கிடையாது, குழந்தையைப்போல வைத்திருக்கிறார், எங்கிருந்து கீறல், குனிந்தார், முள்ளைப் பார்த்தார், சத்தம் பிளேயரிலிருந்து வரவில்லை, முதுகுக்குப் பின்னாலிருந்து வருகிறது. திரும்பினார். கட்டிலின் இரும்புக் கம்பிமேல் கிடந்த அவளுடைய இடது கையில் ஒரு விரல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, ஆஸ்பத்திரியில் கழற்ற முடியாமல் கணுவில் சிக்கிக்கொண்டு நின்றுவிட்ட கலியாண மோதிரம் கம்பியில் தட்டிக்கொண்டிருந்தது. மத்தளத்தோடு. மத்தளத்தோடுதானா, இல்லை இவருக்கு அப்படிக் கேட்கிறதா.

அவர் அசையவில்லை, அசைந்தால் நின்றுவிடும், அணில் வந்து உட்கார்ந்தால் அசையாமல் இருப்பதுபோல நின்றார். எஸ்கலினின் கண் திறந்திருந்தது, எப்போதும் திறந்துதான் இருக்கும், பார்க்கிறாளா என்பது வேறு, அது சுவரும் மச்சும் சேர்கிற மூலையில் மூன்று மாதமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாட்டு முடிந்தது, அடுத்தது மெதுவான பாட்டு, விரல் நின்றுவிட்டது. அவருக்கு மூச்சு வந்தது. சமையலறைக்குப் போய்க் கண்ணாடியை எடுத்துவந்தார், சுற்றுகிற ரெக்கார்டைப் பார்த்தார், நடுவில் நீலச் சிட்டை, அவருடையதேதான், பச்சை ஆப்பிள் படம் இருந்தால்தான் அவளுடையது, அப்படியானால் அவளுடையது எங்கே. அலமாரியில் அவருடைய பத்திரிகை உறையை உருவினார், உள்ளே கையைவிட்டார், வெளியே வந்தது பச்சை ஆப்பிள், அவளுடைய இரண்டு தட்டில் முதலாவது. மாற்றி வைத்திருக்கிறது. யார் வைத்தது. தங்கப்புஷ்பம் அந்தப் பக்கம் தூசிகூடத் தட்டமாட்டாள், ஜோஸ்லினுக்கு இந்தப் பாட்டுகள் என்றாலே ஆகாது, சின்னப்பிள்ளையில் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை இவர்கள் போட்ட சண்டையில் வெறுத்துப்போனவள். இவர் மாற்றி வைக்கவில்லை. எஸ்கலின் மாற்றி வைக்கமாட்டாள், ஐம்பது வருஷத்தில் ஒரு தடவைகூட மாற்றி வைத்ததில்லை, ரெக்கார்டைக் கேட்டு முடித்தால் நற்கருணையை எடுத்துவைக்கிற சாமியார் மாதிரி இரண்டு உள்ளங்கையாலும் ஏந்தி உறைக்குள் இறக்குவாள், இவர் அவசரத்தில் தலைகீழாகச் செருகினால்கூட எடுத்துத் திருப்பி வைப்பாள். அவள்தான். அவளைத் தவிர வேறு யாரும் இல்லை. அவள் விழுந்த அன்றைக்கு இவர் பென்சன் விஷயமாக வெளியே போயிருந்தார், திரும்பி வரும்போது கதவு சாத்தித்தான் இருந்தது, உள்ளே வந்தால் ஒரே அமைதி, சமையலறை வாசலில் அவள் கிடந்தாள், அதற்கப்புறம் ஆட்டோ, ஆஸ்பத்திரி, ஊசி, எல்லாம் கலங்கல், ஆனால் ஒன்று இப்போது மேலே மிதந்து வருகிறது, பிளேயரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இரண்டு நாள் கழித்து மாற்றுத் துணி எடுக்க வந்தபோது அவர்தான் அதை அணைத்தார், அணைத்தது நினைவிருக்கிறது, ஏன் எரிந்தது என்று நினைக்கவில்லை. அன்றைக்கு அவள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். இரண்டையும் வெளியே எடுத்திருக்கிறாள், அவளுடைய வெள்ளையையும் அவருடைய வெள்ளையையும், ஞாயிறும் இல்லை, இவரும் இல்லை, தனியாக உட்கார்ந்து மோதவிட்டுப் பார்த்திருக்கிறாள். அன்றைக்கு மட்டும்தானா. இன்னும் பழசு ஒன்று கிளம்பியது. அப்போதெல்லாம் ரெக்கார்டு போட வால்வு வைத்த ரேடியோகிராம்தான், துறைமுகத்தில் மத்தியானம் ஷிப்ட் முடிந்து வருவார், வந்து தொப்பியை அதன்மேல் வைப்பார், பலகை சுடும், பூனை இப்போதுதான் எழுந்துபோன இடம்போல வெதுவெதுவென்று இருக்கும். வெயில் படுகிறது என்று நினைத்துக்கொள்வார். ரேடியோகிராம் இருந்த மூலையில் வெயில் படாது, வருஷத்தில் எந்த மாதமும் படாது, அந்த மூலையில் வெயில் படாது என்பதற்காகத்தான் அதை அங்கேயே வைத்தார்கள். அவர் வருகிறவரை அவள் போட்டுக் கேட்டிருக்கிறாள், அந்தச் சூடுதான் அது. முகம் கழுவாத பயலுவ, தலைவலிக்கி, நிறுத்துங்க. எதற்கு மறைத்தாள். மறைத்தாளா, இல்லை தோற்றுவிடக் கூடாது என்றுதானா, இல்லை அவருடைய ஆட்களை அவர் இல்லாதபோது மட்டும்தான் பிடித்ததா, அப்படியானால் இத்தனை வருஷம் எதிரே உட்கார்ந்து மூக்கைச் சுளித்துக்கொண்டிருந்தது யார். அதைவிட மோசமாக ஒன்று வந்தது. ஐம்பது வருஷம் மாற்றி வைக்காத கை அன்றைக்கு மாற்றி வைத்திருக்கிறது. நீலத்தை எடுத்து வெள்ளையில் வைத்திருக்கிறது, பச்சையை எடுத்துப் பத்திரிகையில் வைத்திருக்கிறது, வைத்துவிட்டுச் சமையலறைக்கு நடந்திருக்கிறாள். அந்த நிமிஷமே தலைக்குள் ஏதோ கழன்றுவிட்டிருக்கிறது. இந்த உறையைத் தொடப் பயந்து பயந்து மூன்று மாதம் வைத்திருந்தாரே, அதற்குள் இருந்தது அதுதான், அவளுக்குப் பக்கவாதம் அடித்த நிமிஷம், ரெக்கார்டோடு சேர்த்து உள்ளே வைத்து மூடியிருந்தது.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். மெதுவான பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் சொன்னது காதுக்குள் திரும்பத் திரும்ப ஓடியது, “கூப்பிட்டா திரும்புறாங்களா, சொன்னதப் புரிஞ்சிக்கிட்டு ஏதாச்சும் செய்றாங்களான்னு பாருங்க சார், அதுதான் முக்கியம். கை தானா ஆடும், தாடை தானா ஆடும், அத நம்பி ஏமாந்துராதீங்க, நெறைய பேரு ஏமாறுறாங்க.” கை தானா ஆடும். ஆடட்டும், ஆனால் மத்தளம் நின்றபோது ஏன் நின்றது. களைத்து நின்றிருக்கலாம். மறுபடியும் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும், தெரிந்துகொள்ள ஆசையா என்று அவரையே கேட்டுக்கொண்டார், பதில் வருவதற்குள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார், முள்ளைத் தூக்கி முதல் பாட்டுக்குக் கொண்டுபோனார். மத்தளம், கிலுக்கு, கத்தல். ஒன்றும் இல்லை. குரல் தொடங்கியது, ஒன்றும் இல்லை. பியானோ சேர்ந்தபோது விரல் எழுந்தது, கம்பியில் விழுந்தது, டிக். சந்தோஷம் வரவில்லை. சத்தம் காதில் விழுந்து நரம்பு துடிக்கிறது, அவ்வளவுதான், செத்த தவளைக் காலில் கரண்ட் வைத்தால்கூடத் துடிக்கும் என்று ஜோஸ்லின் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது சொன்னாள், சத்தம் இருக்கிறவரை ஆடும், சத்தம் போனால் நிற்கும், இதில் எஸ்கலின் எங்கே இருக்கிறாள். சத்தம் போனால். அவர் கை சத்தத்தைக் குறைக்கிற குமிழுக்குப் போனது. முள்ளை எடுக்கவில்லை, ரெக்கார்டு அதுபாட்டுக்குச் சுற்றட்டும், பாட்டு உள்ளுக்குள் ஓடட்டும், சத்தம் மட்டும் வெளியே வரவேண்டாம். குமிழைக் கடைசிவரை திருப்பினார். காற்றாடி, வெளியே ஒரு காகம், தெருவில் மீன்காரியின் தட்டு இறங்குகிற சத்தம். டிக், டிக். ரெக்கார்டில் உரசும்போது முள்ளே கொசு மாதிரிப் பாடும் என்பது அவருக்குத் தெரியும், அதைக் கேட்டு ஆடுகிறாளோ, பிளேயரின் மூடியைச் சாத்தினார், காதைக் கிட்டத்தில் வைத்தார், அவருக்கே கேட்கவில்லை, அறையின் அந்தக் கோடியில் கிடக்கிறவளுக்குக் கேட்க வழியில்லை. டிக், டிக். அப்படியானால் தானாகத்தான் ஆடுகிறது, டாக்டர் சொன்னதுதான், ஏமாறாதீங்க, ஏமாந்தாகிவிட்டது, பாட்டும் இல்லை ஒன்றும் இல்லை, வெறும் நரம்பு, நாளைக்கு வண்டி வரட்டும், அவருக்கு அழுகைகூட வரவில்லை, இப்படி ஒரு நிம்மதி வருமென்று நினைக்கவில்லை, நிம்மதிதான் அது, அதைக் கண்டு அவரே அருவருத்தார். பாட்டு எங்கே வரை போயிருக்கும் என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார், முடியவில்லை, அவருடைய ரெக்கார்டு, அவருடைய ஆட்கள், ஆயிரம் தடவை கேட்டது, இருந்தும் எங்கேயோ விட்டுவிட்டார். குமிழை மெல்லத் திருப்பினார். பியானோ மேலே வந்தது, கிலுக்கு வந்தது, மத்தளம் வந்தது, மத்தளத்தின் மேலேயே, ஒரு மயிரிழைகூட முந்தாமல் பிந்தாமல், மோதிரம் விழுந்துகொண்டிருந்தது.

மறுபடியும் குமிழைத் திருப்பினார், இன்னும் நெடுநேரம் விட்டுவைத்தார், திறந்தார், மத்தளமும் மோதிரமும் ஒன்றாக இருந்தன. அவள் சத்தமில்லாத பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இவரே வழிதவறுகிற இடத்தில் அவள் தவறவில்லை, எத்தனை மத்தியானம் உட்கார்ந்து கேட்டிருந்தால் இது வரும், வெதுவெதுவென்று இருந்த அத்தனை மத்தியானமும் உள்ளே அடுக்கி வைத்திருக்கிறாள். எஸ்கலின் உள்ளே இருக்கிறாள். முழுசாக இருக்கிறாள். ஜோஸ்லினைக் கூப்பிட்டுச் சொல்லவேண்டும், வண்டி வேண்டாம் என்று சொல்லவேண்டும், டாக்டரிடம் சொல்லவேண்டும், ஓடிப்போய்த் தங்கப்புஷ்பத்தைக் கூட்டிவரவேண்டும், கால் வாசலை நோக்கித் திரும்பிவிட்டது, அந்த இடத்தில்தான் தட்டியது. உள்ளே இருக்கிறாள் என்றால் எப்போதிலிருந்து. இன்றைக்குத்தான் வந்தாளா. மூன்று மாதமாக இருக்கிறாளா. அப்படியானால் தங்கப்புஷ்பமும் இவரும் அவளை ஆடையில்லாமல் புரட்டிப்போட்டுக்கொண்டு மீன் விலை பேசியது, பக்கத்து வீட்டுக்காரி வந்து கட்டில் தலைமாட்டில் நின்று “ஆண்டவரு சீக்கிரம் எடுத்துக்கிட்டாத்தான் இந்தச் சீவனுக்கு நல்லது” என்றது, இவர் ஆமாம் என்று தலையாட்டியது. ஞாயிற்றுக்கிழமை போன். போனில் குரல் சரியாகக் கேட்காததால் அதைச் சத்தமாக வைத்து, கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டுதான் பேசினார். “பப்பா, மம்மியக் கொண்டுபோயி விட்டுட்டு நீங்க தனியா இருந்துருவீங்களா?” “இருந்துருவேன்மா.” “மம்மிக்கு ஏக்கமா இருக்காதா பப்பா, புது எடம்?” அப்போது அவர் சிரித்தார், சிரித்துத்தான் சொன்னார், “அவளுக்கு என்ன தெரியும்மா, இங்க கெடந்தாலும் அங்க கெடந்தாலும் ஒண்ணுதான், இங்க இருக்கது அவ இல்ல, அவ போயி மூணு மாசமாச்சு, நீ வண்டிய வரச் சொல்லு, எனக்கும் கொஞ்சம் தூங்கணும்.” எனக்கும் கொஞ்சம் தூங்கணும். அதைக் கேட்டுக்கொண்டு மச்சு மூலையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். பதில் சொல்ல வாயில்லை, முகத்தைத் திருப்பக் கழுத்தில்லை, நிறுத்துங்க என்று சொல்ல நாக்கில்லை. வண்டிக்காரனிடம் வேண்டாம் என்று சொல்வது லேசு, போனை எடுத்தால் முடிந்தது, ஆனால் அப்புறமும் இந்த வீட்டில் இவளோடு இருக்கவேண்டும், இத்தனையையும் கேட்டவளோடு. கேட்டிருக்கமாட்டாள், பாட்டு வேறு பேச்சு வேறு, பாட்டு பிழைத்துக்கொள்ளும் பேச்சு செத்துப்போகும் என்று யாரோ ஆஸ்பத்திரி வராந்தாவில் சொன்னார்களே, அப்படி இருக்கட்டும் ஆண்டவரே என்று வேண்டினார், வேண்டிய பிறகுதான் எதற்கு வேண்டுகிறோம் என்று விளங்கியது, பெண்டாட்டிக்குப் பேச்சு புரியக் கூடாது என்று வேண்டுகிறார். பாட்டு முடிந்தது. மோதிரமும் நின்றது. அடுத்த பாட்டு வருமுன் முள்ளைத் தூக்கிவிட்டார். அவர் பனியனோடு நிற்பது திடீரென்று அவருக்கே கூச்சமாக இருந்தது, மூன்று மாதமாக அவள் முன்னால் அப்படித்தான் நடமாடுகிறார், ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டி, பொத்தானை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டார், கையால் தலையைக் கோதினார். நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி இழுத்து, அவள் கண் நிற்கிற மூலைக்கும் அவளுக்கும் நடுவில் முகம் வரும்படி குனிந்து உட்கார்ந்தார். கண் அவரைத் தாண்டி மூலைக்குப் போகவில்லை. என்ன சொல்வது, பாட்டைப் பற்றிக் கேட்கலாம், எது ஒசத்தி என்று கேட்கலாம், நீ ஜெயிச்சிட்டே என்று சொல்லலாம், வண்டி வராது பயப்படாதே என்று சொல்லலாம், எதைச் சொன்னாலும் இன்னொன்றை மறைக்கச் சொன்னதாகத்தான் ஆகும். “ஏளா, எஸ்கலின்” என்றார். “ஞாயித்துக்கெழம நா போன்ல பேசுனது... ஒனக்குக் கேட்டுச்சா?”

விரல் எழுந்தது. எழுந்து, காற்றாடிக் காற்றில் நடுங்கிக்கொண்டு அப்படியே நின்றது. பிறகு மோதிரம் ஒரே ஒரு தடவை கம்பியைத் தொட்டது.